‘தி குருசிபிள்’: எலிசபெத் சொன்ன அந்த ஒரு பொய்

கொத்தமல்லிக்கட்டு (நியூஜெர்சி):

பெண்ணுக்குப் பதினோராம் வகுப்பு ஆங்கிலத்தில் ஆர்தர் மில்லரின் ‘தி குருசிபிள்’ நாடகம் வந்திருக்கிறது. படித்து முடித்த கையோடு 1996-இல் வந்த படத்தையும் பார்க்கலாம் என்றாள். நானும் வீட்டுக்காரரும் கூடவே உட்கார்ந்தோம். 1692-இல் மாசசூசெட்ஸில் உள்ள சேலத்தில் நடந்த சூனியக்காரி விசாரணை பற்றியது என்று தெரியும். அதற்கு நடுவே இப்படி ஒரு கணவன் மனைவி கதை இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

பார்க்காதவர்களுக்காக: ஜான் பிராக்டர் ஒரு விவசாயி. வீட்டு வேலைக்கு இருந்த அபிகெயிலோடு அவனுக்குத் தொடர்பு. மனைவி எலிசபெத் அதைக் கண்டுபிடித்து அவளை வெளியே அனுப்பிவிடுகிறாள். ஊரில் சூனியப் பேச்சு கிளம்பியதும் அபிகெயில் அதைப் பிடித்துக்கொண்டு எலிசபெத் மீதே பழி போடுகிறாள். வேறு வழி இல்லாமல் பிராக்டர் நீதிமன்றத்தில் தன் குட்டைத் தானே உடைக்கிறான். ‘என் மனைவிக்குப் பொய் பேச வராது, கேட்டுப் பாருங்கள்’ என்கிறான். அவளைக் கூட்டி வந்து கேட்கிறார்கள். அவன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்கிறாள். அதோடு அவன் சொன்னது எடுபடாமல் போகிறது.

"உண்மையைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றார் வீட்டுக்காரர். "அவர் ஒத்துக்கிட்டார்னு அவங்ககிட்ட யாருமே சொல்லலையேப்பா" என்றாள் பெண். இரவுச் சாப்பாடு ஆறிப்போகும் வரை வாக்குவாதம். நானாக இருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன். அன்பினால் இல்லை, என் வீட்டு விஷயத்தை ஊர் ஏன் பேச வேண்டும் என்ற வீம்பினால். நாடகமாகவோ படமாகவோ இதைப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்களேன்.

மேடைப்பித்து (லண்டன்):

நான் எலிசபெத்தாகவே நடித்திருக்கிறேன். வார இறுதிகளில் ஒத்திகை பார்க்கும் சின்ன அமெச்சூர் குழு, மேடை ஒரு தேவாலயக் கூடம். அந்தக் காட்சியில் நீதிபதி டான்ஃபோர்த் முதலில் பிராக்டரையும் அபிகெயிலையும் முதுகைத் திருப்பி நிற்கச் சொல்வார். சிறையிலிருந்து வரும் எலிசபெத்துக்குத் தெரிவது இரண்டு முதுகுகள் மட்டும்தான். கணவனைப் பார்க்கப் போனால், என்னை மட்டும் பார் என்று அதட்டல். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது.

பலர் அவள் பட்டென்று பொய் சொல்வதாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. பிள்ளை பெற்ற பின் நெடுநாள் உடம்புக்கு முடியாமல் இருந்தேன், அவர் என்னிடமிருந்து விலகுவதாக எனக்குத் தோன்றியது, அந்தப் பெண் மேல் மனசு போகிறதோ என்று நினைத்தேன் என்று முக்கால்வாசி உண்மையைச் சொல்லிவிடுவாள். எல்லாமே ‘எனக்குத் தோன்றியது’ என்று தன் தலையில் போட்டுக்கொண்டு. நடிப்பதற்கு இடம் அங்கேதான். கடைசியில் டான்ஃபோர்த் ஆமாவா இல்லையா என்று நெருக்கும்போது, முன்வரிசையில் ஒரு பாட்டி "சொல்லிடும்மா" என்பது போல ஆங்கிலத்தில் முனகினார். எனக்கு மேடையிலேயே மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் கடைசி அங்கத்தில் ஒரு வசனம் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் தொண்டையில் சிக்கும். தூக்குக்கு முன் கணவனிடம், வீட்டை அன்பில்லாமல் வைத்திருந்தது நான்தான், அதனால்தான் நீ தடம் மாறினாய் என்ற பொருளில் பேசுவாள். இயக்குநர் அதை மன்னிப்பு என்றார். துரோகம் செய்தவன் அவன், காரணம் சொல்லிக் குற்றத்தைச் சுமப்பவள் இவளா? எழுதிய ஆணுக்கு வசதியான வசனம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பாஸ்டன்வாசி:

மேடம் சொன்னதற்கு மேலே ஒன்று சொல்கிறேன். அந்தக் கள்ளத் தொடர்புக்கு ஆவணத்தில் ஆதாரமே கிடையாது. நிஜ அபிகெயில் வில்லியம்ஸுக்கு வயது 11 அல்லது 12. ஜான் பிராக்டருக்கு 60 வாக்கில், ஊரில் சத்திரம் நடத்தியவர், எலிசபெத் அவருடைய மூன்றாம் மனைவி. மில்லர் ஒருவருக்கு வயதை ஏற்றி, இன்னொருவருக்குக் குறைத்து நாடகம் பண்ணியிருக்கிறார். நாடகத்துக்கு அது தேவை, சரி. ஆனால் ஒரு சின்னப் பிள்ளை மேல் அந்தப் பழி ஒட்டிக்கொண்டுவிட்டதே! வெளியூரிலிருந்து வரும் உறவினர்களைச் சேலத்துக்குக் கூட்டிப்போகிறேன். பாதிப் பேர் ‘அந்த வேலைக்காரி’ என்றுதான் அவளைப் பற்றிக் கேட்கிறார்கள்.

சேலத்தில் இப்போது சூனியக்காரித் தொப்பி விற்கும் கடைகள்தான் கண்ணில் படும். எல்லாரும் புகைப்படம் எடுத்துக்கொள்வதும் அங்கேதான். தூக்குப் போட்ட இடம் கொஞ்சம் தள்ளி, ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் சரிவில் இருக்கிறது. பிராக்டர்ஸ் லெட்ஜ் என்று பெயர். 2017-இல் அங்கே நினைவிடம் கட்டி, தூக்கிலிடப்பட்ட 19 பேர் பெயரையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஜான் பிராக்டரை 1692 ஆகஸ்ட் 19 அன்று தூக்கிலிட்டார்கள். எலிசபெத்துக்கும் அதே தண்டனைதான், வயிற்றில் பிள்ளை இருந்ததால் தள்ளிவைத்தார்கள்.

துரோகம் என்று பேசினால் நிஜத்தில் வேறொன்று நடந்திருக்கிறது. சிறையில் பிராக்டர் எழுதிய உயிலில் எலிசபெத் பெயரே இல்லை. அவள் வெளியே வந்து பார்த்தபோது கையில் ஒன்றும் கிடையாது. தீர்ப்பு ரத்தாகாததால் சட்டப்படி அவள் செத்தவள் என்று சொல்லிவிட்டார்கள். 1696-இல் அவள் கொடுத்த மனு இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே எனக்கென்று ஒப்பந்தம் எழுதியிருந்தது, அந்தத் துயரக் காலத்தில் யாரோ சிலர் என் கணவரைக் கொண்டு இந்த உயிலை எழுத வைத்துவிட்டார்கள் என்று அதில் சொல்கிறாள். கவனியுங்கள், அங்கேயும் கணவனைக் குறை சொல்லவில்லை.

மொட்டைக்கடுதாசி:

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெயர்க் காரணம் இனிமேல் புரியும். பல வருடங்களுக்கு முன் எனக்கும் உடன் வேலை பார்த்த ஒரு பெண்மணிக்கும் தொடர்பு என்றும், இருவரும் சேர்ந்து கடனில் கைவைத்தோம் என்றும் மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. நகல் வீட்டுக்கும் வந்தது. இரண்டுமே பொய். விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனுஷன் மாதிரிதான் பேசினார். "சின்னத் தவறுன்னு எழுதிக் கொடுத்துடுங்க, ஒரு இன்கிரிமென்ட் கட்டோட முடிஞ்சிடும். கூட யார் யார்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

சேலத்தில் ஒப்புக்கொண்டவர்கள் யாரையும் தூக்கிலிடவில்லை, மறுத்தவர்கள்தான் செத்தார்கள் என்று படித்தபோது எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வந்தது. மில்லர் இதை எழுதியதும் இதே காரணத்துக்காகத்தானே. நாடகம் 1953 ஜனவரியில் நியூயார்க்கில் மேடையேறியபோது கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்தது. 1956-இல் அவரையே நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு மற்றவர்கள் பெயரைக் கேட்டது. சொல்லாததால் அடுத்த வருடம் அவமதிப்பு வழக்கில் தண்டனை, 1958-இல் மேல்முறையீட்டில் ரத்து.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஒன்றரை வருடம் இழுத்து, ஆதாரமில்லை என்று முடித்தார்கள். வீட்டில்தான் அது முடியவில்லை. மனைவி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்தப் பெண்மணியின் வீட்டில் கணவர் தினமும் கேட்டாராம், கடைசியில் அந்தப் பெண்மணி மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எலிசபெத்துக்காவது நடந்தது உண்மை என்று தெரியும். நடக்காததை எப்படி நிரூபிப்பது?

மேடைப்பித்து:

அய்யா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பாஸ்டன் சார் சொன்னதற்கு மட்டும் ஒரு பதில். மில்லருக்கு ஒரு பொறி கிடைத்தது விசாரணைக் குறிப்பிலிருந்துதான். எலிசபெத்தை அடிக்க ஓங்கிய அபிகெயிலின் கை, பக்கத்தில் போனதும் முஷ்டி விரிந்து, பட்டும் படாமல் தொட்டதாம். உடனே விரல் எரிகிறது என்று கத்தினாளாம். அந்தத் தயக்கத்துக்குள் அவர் ஒரு கதையைப் பார்த்தார். அவருடைய சொந்தக் கல்யாணமும் அப்போது ஆட்டம் கண்டிருந்தது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். மர்லின் மன்றோவை அதற்கு முன்பே சந்தித்தாயிற்று, 1956-இல் கல்யாணமும் ஆனது. அதனால்தான் அந்த ‘தப்பு என்னுடையது’ வசனம் மேல் எனக்கு இத்தனை சந்தேகம்.

கொத்தமல்லிக்கட்டு:

எல்லாவற்றையும் பெண்ணிடம் படித்துக் காட்டினேன். உயில் சமாசாரம் கேட்டு அவள் அப்பா ஒன்றும் பேசவில்லை. அவள் கட்டுரைக்கு பிராக்டர் தம்பதியை விட்டுவிட்டாள். அவர்கள் வீட்டு வேலைக்காரி மேரி வாரனை எடுத்திருக்கிறாள். அந்தப் பெண் நிஜத்திலேயே, சூனியத்தால் அவதிப்படுவதாகச் சொன்ன மற்றப் பெண்கள் நடிக்கிறார்கள் என்று சொன்னதும் அவள் மீதே சூனியப் பழி விழுந்து சிறைக்குப் போயிருக்கிறாள். பிறகு தன் எஜமானர் மீதே சாட்சி சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். மேரியைப் பற்றி வேறு ஏதாவது தெரிந்தவர்கள் அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.