ஜார்மனின் சூப்பர் 8 துடிப்பு: டிஜிட்டலில் கொண்டுவருவது எப்படி?

கருவிழி:
பிரிட்டிஷ் இயக்குநர் டெரெக் ஜார்மனின் 'தி ஏஞ்சலிக் கான்வர்சேஷன்' (1985) படத்தில் உருவங்கள் நகராது, விட்டுவிட்டுத் துடிக்கும். விநாடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்ததை எடிட்டிங்கில் ஸ்லோ பண்ணினால் வழவழவென்று வருகிறது. எங்கே தப்பு?

சுருள்50:
பாதி கேமராவில், பாதி எடிட்டிங்கில். ஜார்மன் சூப்பர் 8 என்ற சின்ன ஃபிலிம் கேமராவை விநாடிக்கு ஆறு, சமயத்தில் மூன்றே ஃப்ரேமில் ஓட்டுவார். அதே மாதிரி மெதுவாகத் திரையிட்டு, வீடியோவில் மறுபடி பிடித்து, தியேட்டர் ஃபிலிமான 35 எம்எம்முக்கு ஏற்றுவார். 50 அடி கார்ட்ரிட்ஜில் 3,600 ஃப்ரேம். விநாடிக்கு 18-ல் ஓட்டினால் 3 நிமிடம் 20 விநாடியில் காலி. 6-ல் எடுத்தால் 10 நிமிடம், அதை 3-ல் திரையிட்டால் 20 நிமிடம். கையில் காசில்லாதவருக்கு நல்ல கணக்கு!

நீங்கள் விநாடிக்கு ஆறு ஸ்டில் எடுங்கள், ஷட்டர் 1/12 விநாடி. வழக்கமான 1/48-ஐவிட இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, வெளிச்சம் கூடும். வெயிலில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி 0.6 ஃபில்டர் போடாவிட்டால் வெளிறிவிடும். 24 ஃப்ரேம் டைம்லைனில் ஒவ்வொரு ஸ்டில்லும் 8 ஃப்ரேம் நிற்கட்டும், விநாடிக்கு மூன்று ஸ்டில் வரும். 25 என்றால் மூன்றால் வகுபடாது, துடிப்பு நொண்டும். எடிட்டிங் மென்பொருளில் இடைப்பட்ட ஃப்ரேம்களைத் தானே உருவாக்கும் ஃப்ரேம் பிளெண்டிங், ஆப்டிகல் ஃப்ளோ இரண்டையும் அணையுங்கள். அந்த வழவழப்பு அங்கிருந்துதான்.

தேரடி:
கணக்கு சரிங்க, ஆனால் காசு மட்டும் காரணமில்லை. ஜார்மன் லண்டனின் ஸ்லேட் கலைப் பள்ளியில் ஓவியம் படித்தவர். கென் ரஸ்ஸலின் 'தி டெவில்ஸ்' (1971) படத்துக்கு செட் போட்டவர். பெரிய படம் எப்படி நடக்கும் என்று தெரிந்தே சின்னக் கேமராவைத் தூக்கினார். அதில் யாரிடமும் கதை சொல்லி அனுமதி வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் படத்தில் இரண்டு ஆண்களின் காதல்தான் எல்லாம். வசனமே கிடையாது, ஷேக்ஸ்பியரின் 14 சானெட்டுகளை (14 வரிக் கவிதைகள்) நடிகை ஜூடி டென்ச் வாசிக்கிறார். ஃப்ரேம் நின்று நின்று போவதால் ஒரு தொடுகை முடியவே மாட்டேன் என்கிறது. எதைப் பார்த்து நிற்கிறோம் என்று தெரியாமல் துடிப்பை மட்டும் எடுத்தால் அது வெறும் ஃபில்டர்.

1986 டிசம்பரில் தனக்கு எச்ஐவி இருப்பது தெரியவந்ததும் அதை வெளிப்படையாகச் சொன்னார். ஓரினச்சேர்க்கையை உள்ளாட்சிகள் 'ஊக்குவிக்க'க் கூடாது என்ற 28-வது சட்டப் பிரிவு 1988-ல் வந்த இங்கிலாந்து அது.

கருவிழி:
புரிகிறது. அவருடைய 'ப்ளூ' (1993) படத்தை வீட்டில் பார்த்தால் எடுபடுமா?

சுருள்50:
79 நிமிடமும் ஒரே நீலம். பார்வை போய்க்கொண்டிருந்தபோது எடுத்தது. ஓஎல்ஈடி டிவி என்றால் ஜாக்கிரதை: படம் அசையவில்லை என்று அதுவே திரையை மங்கலாக்கிவிடும், நீலம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். எல்சிடி அல்லது ப்ரொஜெக்டர் பரவாயில்லை. முக்கியம் ஒலிதான், டிவி ஸ்பீக்கரை நம்பாதீர்கள். சேனல் 4-ல் ஒளிபரப்பானபோது பிபிசி ரேடியோ 3-லும் அதே நேரத்தில் ஓடியது.

தேரடி:
ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்க்கலாம். அறையை மட்டும் நன்றாக இருட்டாக்கிவிடுங்கள்.