ட்ரையர் விறகுக் கணக்கு: தராசு உள்ளவர்கள் உதவுங்கள்

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களின் கார்பன் கணக்கை, லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்கும் விளங்குகிற தமிழில் ஒரு திறந்த எக்செல் தாளாகப் போடுகிறோம். டீசல் லேசு: லீற்றருக்குச் சுமார் 2.7 கிலோ கரியமிலவாயு. 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று முடிந்தால் ஏறக்குறைய 37 கிலோ. மின்சாரத்துக்கு, ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமிலவாயு என்கிற அந்தந்த வருஷத்துக் குணகம்தான் வேண்டும். மழை குறைந்து நீர்மின் படுத்தால் அது ஏறிவிடும்.

மாட்டிக்கொண்டது தேயிலை காயவைக்கும் ட்ரையருக்கு எரிக்கிற விறகில். கணக்குக்கு எடை வேண்டும், பதிவேட்டில் கன மீட்டர் மட்டும்தான். அடுக்கின் நடுவே எவ்வளவோ வெற்றிடம், போதாததற்கு ஈரம்! பச்சை யூகலிப்டஸ் கட்டையில் பாதி எடை தண்ணீராகவே இருக்கலாம்.

யாராவது ஒரு கன மீட்டர் அடுக்கை எடை போட்டு, மர வகை, வெட்டி எத்தனை வாரம் என்பதோடு இங்கே போடுவீர்களா? ஒரு துண்டை மட்டும் எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து, முன்னும் பின்னும் எடை போட்டால் ஈரமும் தெரிந்துவிடும். தோட்டப் பெயர் வேண்டாம்.