நேர்காணல் அழைப்பைத் தவறவிட்டவர்

அமெரிக்காவில் நான் வசிக்கும் ஊரின் உணவு வங்கியில், சனிக்கிழமைதோறும் ஸ்னாப் விண்ணப்பம் நிரப்ப உதவுகிறேன். வருமானம் குறைந்தவர்கள் உணவு வாங்க அரசு உதவும் திட்டம் அது. 2008க்கு முன் ஃபுட் ஸ்டாம்ப் என்று சொன்னார்களே, அதேதான். விண்ணப்பத்தோடு வேலை முடிவதில்லை. தகுதி பார்க்க ஒரு நேர்காணல் உண்டு, பெரும்பாலும் தொலைபேசியில். பலருக்கு உதவி நழுவிப்போவது இந்த இடத்தில்தான்.

ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் ஒரு பெண்மணி, நான்காக மடித்த கடிதத்தை என் முன் வைத்தார். செவ்வாய்க்கிழமை காலை 8 மணியிலிருந்து 12 மணிக்குள் அழைப்போம் என்றிருந்தது. கடிதம் அவர் கைக்கு வந்ததோ வியாழக்கிழமை! செல்போனில் எண் தெரியாத இரண்டு தவறிய அழைப்புகள். வேலை நேரத்தில் போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டுமாம். "இனிமேல் கிடைக்காது அல்லவா?" என்று கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிடைக்கும். நேர்காணல் தவறினால் அதைத் தெரிவித்து அலுவலகம் கடிதம் அனுப்பியாக வேண்டும். விண்ணப்பித்த 30 நாட்களுக்குள் வேறு தேதி கேட்டால் தரவும் வேண்டும். அதற்குள் நேர்காணல் முடிந்து தகுதி உறுதியானால், விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிட்டுத் தருவார்கள். அவர் விண்ணப்பித்து 12 நாட்கள்தான் ஆகியிருந்தன. திங்கட்கிழமை இருவரும் அழைத்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து, அவருடைய சாப்பாட்டு இடைவேளையில் நேரம் வாங்கினோம். ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரையும் கேட்டோம். அதற்குக் கட்டணம் கிடையாது. அந்த வாரமே நேர்காணல் முடிந்தது.

மணிக்கூலிக்கு உழைப்பவரை நான்கு மணி நேரம் போனருகே உட்காரச் சொல்வது அநியாயம். விண்ணப்பித்தவரே தமக்கு வசதியான நேரத்தில் அழைத்துப் பேசும் முறை சில மாநிலங்களில் இருக்கிறது. எல்லா இடத்திலும் அது வர வேண்டும்.

•

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். வேறொரு மாநிலத்தின் ஸ்னாப் அலுவலகத்தில், நேர்காணலுக்கு நேரம் குறிக்கும் வேலையை நான் பார்த்திருக்கிறேன். காலையில் முதலில் தேடுவது அவசர விண்ணப்பங்களைத்தான். மாத வருமானம் 150 டாலருக்குக் கீழே, கையிலும் வங்கியிலும் சேர்த்து 100 டாலருக்கு மேல் இல்லை என்றால் 7 நாட்களுக்குள் உதவி போய்ச்சேர வேண்டும். மாத வருமானத்தையும் கையிருப்பையும் சேர்த்தாலும் அதைவிட வாடகையும் மின்கட்டணமும் கூடுதலாக இருப்பவர்களுக்கும் அப்படியே. ஆனால் அந்தக் கேள்விகளைப் பலர் நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். அவசரம் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு நேரமாகிவிடும். உங்களிடம் வருகிறவர்களை அந்தக் கட்டங்களை நிரப்ப வையுங்கள். எந்த நேரத்தில் போனை எடுக்க முடியும் என்பதையும் விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். "மாலை 3க்குப் பிறகு" என்று பென்சிலால் எழுதியிருந்த ஒருவரை 3.10க்கு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.