ஒரு உழவு மழைக்கு அப்புறம்: வானம் பார்த்த பூமியில் நாங்கள் பார்த்தவை

மூலனூர்க்காரன்:

எங்கள் பக்கம் பெரியவர்கள் மழையை மில்லிமீட்டரில் சொல்ல மாட்டார்கள். ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழை என்பார்கள். கலப்பை இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்தால் அது ஒரு உழவு. செய்தியில் 22 மி.மீ. என்று வாசிக்கிற அன்றைக்கு அப்பாரு (தாத்தா) காட்டுக்கு, அதாவது எங்கள் புன்செய் நிலத்துக்கு, போய் மண்வெட்டியால் ஒரு கொத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "புழுதி அடங்கியிருக்குது, அவ்வளவுதான்" என்பார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்று புரிய எனக்கு நாற்பது வயதானது.

எங்களுடையது கொரங்காடு. அது பற்றித் தெரியாதவர்களுக்காக: காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த காடு அது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடுகள் வளர்ந்தது இதில்தான். மேற்கு மலை தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை அந்தப் பக்கமே கறந்துகொள்வதால் எங்களுக்கு வருசத்துக்கு 600 மி.மீ. கிடைத்தால் பெரிது. அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில்.

2016இல் அந்த ஐப்பசி மழையும் கைவிட்டது. வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோய், 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி என்று அறிவித்தார்களே, அந்த வருசம். இரண்டு மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். காட்டில் நடந்தால் புல்லின் அடிக்கட்டை காலடியில் நொறுங்கும் சத்தம் மட்டும்தான்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டியது. இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை) முழுக்கச் செந்தண்ணி ஓடியது. எனக்கு ஒரே சந்தோசம். மறுநாள் கொத்திப் பார்த்தால் நாலு விரல் ஈரம். புல் அதற்கும் ஆசைப்பட்டுத் தலை நீட்டியது. ஒரு வாரத்து வெயிலில் அத்தனையும் கருகியது. அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இந்த மழை பேயாமயே இருந்திருக்கலாம்." அன்றைக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. பிறகுதான் யோசித்தேன். வேரில் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்த சத்தை எடுத்துத்தானே புல் அந்தத் துளிரை விட்டது? கையிருப்பைச் செலவழித்தாகிவிட்டது, வரவு இல்லை.

ஆவணியில் மூன்று ராத்திரி விடாமல் சன்னமாகப் பெய்தது. ஆர்ப்பாட்டமே இல்லை, இட்டேரியில் ஒரு சொட்டு ஓடவில்லை. கொத்தினால் ஒரு முழம் ஈரம். மூன்றாம் நாள் காலையில் குனிந்து பார்த்தேன். செத்தது என்று நினைத்த அடிக்கட்டையின் நடுவில், சாம்பல் நிறத் தாள்களுக்கு இடையில், ஊசி முனை அளவுக்குப் பச்சை. எல்லாக் கட்டையிலும் இல்லை. எண்ணிப் பார்த்ததில் பத்துக்கு ஆறு. மீதி நாலு சித்திரை மழையில் ஏமாந்தவையாக இருக்கும் என்பது என் கணக்கு.

உங்கள் ஊர் மண்ணில் என்ன பார்த்தீர்கள்? எழுதுங்கள்.

தேரிக்காட்டான்:

அண்ணாச்சி, எங்களுக்கு நேர் எதிரான கதை. நான் சாத்தான்குளம் பக்கம். செக்கச்செவேல் என்று மணல் மேடு மேடாகக் கிடக்கும், அதைத்தான் தேரி என்போம். பனையும் உடைமரமும் கொல்லாமரமும் நிற்கும். வெளியூர்க்காரர்கள் வந்தால் "பாலைவனம் மாதிரி இருக்கே" என்று போட்டோ எடுப்பார்கள்.

2023 டிசம்பர் 17, 18 மறக்கிற தேதியா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. திருச்செந்தூரில் 69. எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருசத்துக்கே 70 செ.மீ. தேறாது. ஆற்றோரத்து ஊர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும், அதை இங்கே எழுத வரவில்லை. தண்ணீர் வடிந்து, பாதை திறந்ததும் நான் தேரிக்குப் போனேன். மேட்டில் ஏறினால் செருப்பில் மணல்கூட ஒட்டவில்லை! மேலே இரண்டு விரல் அளவுக்குக் காய்ந்து பொலபொலவென்று கிடக்கிறது. கையால் தோண்டினால் கீழே புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடி நிற்கிறது. முழங்கை வரை விட்டுப் பார்த்தேன், அதே பதம். ஓடாமல், தேங்காமல் அவ்வளவையும் உள்ளே இறக்கிக்கொண்டிருக்கிறது.

மாசியில் மறுபடி அதே இடத்தில் தோண்டினேன். ஒரு சாணுக்குக் கீழே இன்னும் ஈரம். மேலே காய்ந்து கிடந்த மணல்தான் கீழே இருப்பதை வெயிலிடமிருந்து மூடிக் காத்திருக்கிறது. தேரிக்குக் கீழே பள்ளத்தில் தருவைகள் இருக்கின்றனவே, மழைக்காலத்தில் மட்டும் நிறைகிற ஏரிகள், அவற்றுக்கும் மணலிலிருந்து தண்ணீர் கசிந்து வருவதாக எங்கள் ஆச்சி சொல்வாள். பனை எப்படி இங்கே நிற்கிறது என்று இனிமேல் யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

கரிசல் மகள்:

தேரி அண்ணாச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மண் நிதானமாகக் குடிக்கும். எங்கள் மண் முதலில் விழுங்கும், அப்புறம் துப்பும்.

விளாத்திகுளம் பக்கம் வைகாசி, ஆனியில் வந்து பாருங்கள். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். என் தம்பியின் செல்போன் ஒரு வெடிப்பில் விழுந்து, ஒரு முழக் கம்பியில் கொக்கி போட்டு எடுத்தோம். முதல் மழை அந்த வெடிப்பு வழியாக நேரே அடிமண்ணுக்குப் போகிறது. கூடவே மேல்மண்ணும் சருகும் ஆட்டுப் புழுக்கையும் உள்ளே சரிகிறது. உழாமலே உழுத மாதிரி. அப்புறம் களி ஊதி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்குமேல் பெய்வதில் பாதி ஓடைக்குத்தான். அந்த நேரத்தில் காட்டுக்குள் நடந்தால் பத்தடிக்கு ஒரு செருப்பு ஒரு கிலோ ஆகிவிடும். கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பதே மேல்.

எங்களுக்குப் புழுதி விதைப்பு வழக்கம். புரட்டாசியில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருப்போம். கரிசல் ஒருதரம் நனைந்துவிட்டால் அதில் ஏர் இறங்காது, அதனால்தான். இதில் எல்லாமே ஆழத்தில்தான் இருக்கிறது. சோளம் என்றால் இரண்டு அங்குலத்துக்கு இறக்க வேண்டும் என்பார் ஐயா. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தாரும் அதைத்தான் சொல்கிறார்கள், 5 செ.மீ. என்று. காரணம் ஒன்றே. சும்மா ஒரு தூறல் விழுந்தால் விதைக்குத் தெரியக்கூடாது. விதை வரை ஈரம் இறங்குகிற மழை வந்தால்தான் அது கண் திறக்க வேண்டும்.

ஒரு வருசம் வாடகைக்கு வந்த விதைப்புக் கருவிக்காரர் அவசரத்தில் மேலாகவே போட்டுவிட்டுப் போனார். நானும் கவனிக்கவில்லை. புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை, 15 மி.மீ. இருக்கும். ஐந்தாம் நாள் காடே பச்சைக் கோடு போட்ட மாதிரி முளைத்தது. ஊரில் எல்லோரும் வந்து பார்த்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மழை பதினெட்டு நாள் கழித்துத்தான் வந்தது. பக்கத்துக் காட்டுச் சோளம் அதற்கு அப்புறம்தான் முளைத்தது, நன்றாக விளைந்தது. என் காட்டில் மறுபடி விதை வாங்கி ஈரத்தில் கையால் ஊன்றினோம். மூலனூர் அண்ணா சொன்ன "பேயாமயே இருந்திருக்கலாம்" எனக்கு நன்றாகவே புரிகிறது.

தாவர வாத்தியார்:

இரண்டு பேரும் சண்டை போடாதீர்கள், இருவர் சொல்வதும் 1973லேயே எழுத்தில் வந்துவிட்டது. இம்மானுவேல் நோய்-மெயர் என்ற இஸ்ரேலியச் சூழலியலாளர் வறள்நிலங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இது வருகிறது. மழை மிகுந்த ஊரில் களிமண் செழிப்பு, மழை குறைந்த ஊரில் மணல் செழிப்பு. களி தண்ணீரை மேலேயே பிடித்து வைத்து வெயிலுக்குக் கொடுத்துவிடும். மணல் அதைச் சட்டென்று கீழே இறக்கி ஒளித்துவிடும். தேரியார் முழங்கையை விட்டுப் பார்த்தது இதைத்தான்.

கரிசல் அம்மாவின் ஐயா ஆழத்தால் செய்ததைக் காட்டுச்செடிகள் விதையின் தோலிலேயே செய்துகொள்கின்றன. 1940களில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் கலிபோர்னியப் பாலைவனச் செடிகளில் பார்த்தது இது: முளைப்பதைத் தடுக்கும் உப்பும் வேதிப்பொருளும் சில விதைகளில் இருக்கின்றன. நல்ல மழை பெய்து அவை கழுவப்பட்டால்தான் முளை வரும். தூறலுக்கு அசையாது. மழைமானியை விதையே சுமந்துகொண்டு திரிகிறது என்று வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

என் அனுபவம் செடி இல்லை. நான் புதுக்கோட்டைப் பக்கம், செம்மண் காடு. முதல் மழைக்கு மறுநாள் காலையில் பட்டுப்பூச்சி பார்க்கப் போவது என் வழக்கம். இரத்தச் சிவப்பில் வெல்வெட் துணி மாதிரி. எட்டுக் கால், ஆகவே பூச்சி இல்லை, உண்ணி இனம். வருசத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடந்து, மழை விட்ட சில நாள் மட்டும் மேலே வரும். அதே மழைதானே ஈசலையும் கிளப்புகிறது? இறகு உதிர்த்த ஈசல் அதற்குச் சாப்பாடு. நாங்கள் சின்ன வயதில் தீப்பெட்டியில் பிடித்து வைத்து, புல்லைப் போட்டுப் பட்டினியில் கொன்றிருக்கிறோம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

இன்னொன்று. கைவிட்ட செம்மண் குவாரிப் பள்ளத்தில் ஒரு ஐப்பசி ராத்திரி மாடு கத்துகிற மாதிரிச் சத்தம். டார்ச் அடித்தால் பந்து மாதிரி உப்பிய தவளைகள். மாசக்கணக்கில் மண்ணுக்கடியில் கிடந்தவை. மறுநாள் தண்ணீர் மேல் கறுப்புப் புள்ளி வைத்த முட்டைகள் படலமாக மிதந்தன. சில நாளில் தலைப்பிரட்டைகள், கூடவே விரல் நகம் அளவில் இறால் மாதிரி ஒன்று, மல்லாக்க நீந்தும் உயிர். அதன் முட்டை வருசக்கணக்கில் காய்ந்த சேற்றில் கிடந்தாலும் சாகாது. பதினோராம் நாள் போனேன். இடையில் மழை இல்லை. குட்டை ஒரு தாம்பாள அளவுக்குச் சுருங்கி, அதில் தலைப்பிரட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு மடையான் கொக்கு ஓரத்தில் நின்று நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் குடம் வாங்கித் தண்ணீர் ஊற்றலாமா என்று யோசித்தேன். ஊற்றவில்லை. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கண்மாய்க்கரை:

சுருக்கமாக. ராமநாதபுரம். எங்கள் கண்மாயில் மழை பெய்ததும் எது முதலில் முளைக்கும் என்று கேட்டால் ஒரே பதில்தான், சீமைக்கருவேலம். கோடையில் ஆடுகளுக்கு வேறு தீனி இல்லை, அதன் நெற்றைத்தான் தின்னும். விதை வயிற்றில் ஊறி, கடினத் தோல் இளகி, புழுக்கையோடு வெளியே வரும். பழைய ஆட்டுக்கிடை போட்ட இடத்தில் மழைக்குப் பிறகு நாற்றங்கால் பாவின மாதிரி அத்தனை கன்று. ஒரு சாண் உயரக் கன்றைப் பிடுங்கினேன், வேர் பாதியில் அறுந்துவிட்டது. மிச்சத்தைத் தோண்டிப் பார்த்தால் செடியைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் இருக்கிறது. மேல் ஈரம் போவதற்குள் அது அடி ஈரத்தைப் பிடித்துவிடும். மற்ற செடிகள் அடுத்த மழைக்குக் காத்திருக்கும், இது காத்திருக்காது.

கரிசல் மகள்:

வாத்தியார் ஐயா, நான் குடத்தோடு ஊற்றியிருப்பேன்.

தேரிக்காட்டான்:

மடையானுக்கும் பசிக்கும்லா, தங்கச்சி.

மூலனூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயாவின் குட்டை இரண்டு நாளாக மனசை விட்டுப் போகவில்லை.

நேற்று ராத்திரி இங்கே ஒரு பாட்டம் மழை. பக்கத்துத் தோட்டத்தில் மழைமானி வைத்திருக்கிற தம்பி 31 மி.மீ. என்று அனுப்பினான். விடிந்ததும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். வெள்வேல மரத்தடியில் ஒரு சாண். வெட்டவெளியில் அரைச் சாண்கூட இல்லை. ஒரே காடு, ஒரே மழை, பத்தடி தூரம்தான். மரத்தடியில் சருகும் சாணியும் கிடந்து மண் பொதபொதவென்று இருக்கிறது. வெளியில் மாடு மிதித்து இறுகிய மண்ணில் தண்ணீர் வழிந்து இட்டேரிக்குப் போயிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். அவர் மேற்கே பார்த்துவிட்டு, மாட்டை இன்னும் நாலு நாள் அந்தக் காட்டுக்குள் விடவேண்டாம் என்று மட்டும் சொன்னார்.