கணிதத்தில் மட்டும் சரிவு: மாவட்டத் தேர்வு முடிவுகளை ஒப்பிட உதவி தேவை

கலிபோர்னியாவில் எங்கள் பள்ளி மாவட்டத்தின் ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு தேர்வு (வாசிப்பிலும் கணிதத்திலும் மாநிலம் ஆண்டுதோறும் நடத்தும் பொதுத் தேர்வு) முடிவுகளைப் பெற்றோர் குழுவுக்காக ஆராய்ந்து வருகிறேன். 2022இல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் 2024இல் ஐந்தாம் வகுப்பை எட்டியபோது, வாசிப்பில் தகுதி மதிப்பெண்ணை எட்டிய மாணவர்களின் விகிதம் ஏறத்தாழ அப்படியே நிற்க, கணிதத்தில் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கியிருக்கிறது.

கணிதத் தகுதி மதிப்பெண்ணே மூன்றாம் வகுப்பில் 2436, நான்காம் வகுப்பில் 2485, ஐந்தாம் வகுப்பில் 2528 என உயர்வதால், சராசரி மதிப்பெண் அந்தந்த எல்லையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்றும் கணக்கிட்டேன், சரிவு மறையவில்லை. மாநிலத்தின் தரவுக் கோப்புகளில் தனி மாணவர் விவரம் கிடையாது. மாவட்ட அலுவலகத்திடம் கேட்டதற்கும் அதே விகித அட்டவணைதான் வந்தது. இடையில் குடிபெயர்ந்து வந்தவர்களும் போனவர்களும் உண்டு என்பதால், ஆசிரியர்களைக் குறை சொல்லும் முன் இது தெளிவாக வேண்டும்.

இந்தப் பொதுத் தரவை மட்டும் கொண்டு, அதே பிள்ளைகள்தாம் பின்தங்குகிறார்களா, மாணவர்கள் மாறியதால் வந்த சரிவா என்று பிரித்தறிய எந்த முறையைக் கையாளலாம்?