அத்திப்பழத்துக்குள்ள குளவி... மருந்து அடிக்கணுமா, சாப்பிடலாமா?

கிணத்தடி_வீடு:
எல்லாருக்கும் வணக்கம், ஒரு டவுட். எங்க மாமியார் வீட்டு கிணத்தடில நாட்டு அத்தி ஒண்ணு நிக்குது, அடிமரத்துலயே கொத்துக்கொத்தா காய்க்கும். போன ஞாயித்துக்கிழமை லேசா சிவக்க ஆரம்பிச்ச பழம் ஒண்ண ஆசையா புட்டேன், உள்ள இருந்து கடுகு சைஸ்ல கறுப்பா பூச்சி பொலபொலன்னு வந்து கையில ஏறிடுச்சு, வீல்னு கத்தி தூக்கி எறிஞ்சுட்டேன். மாமியார் என்னன்னா "அத்திப்பழத்த புட்டுப் பாத்தா அத்தனையும் புழுன்னு சும்மாவா சொன்னாங்க, ஊதிட்டு வாயில போடு"ங்கிறாங்க. ஆபீஸ்ல என் கூட வேலை பாக்குற ஜெயின் பொண்ணு அவங்க வீட்டுல அத்தி வகையையே தொட மாட்டாங்கன்னு சொல்றா. மரத்துக்கு ஏதாவது மருந்து அடிக்கலாமா? கடைல வாங்குற காஞ்ச அத்திலயும் இப்படித்தானா? பையனுக்கு தினம் ரெண்டு ஊறவச்சு குடுக்கிறேன், அதான் வயித்த கலக்குது.

பச்சிலை:
தயவுசெஞ்சு மருந்து மட்டும் அடிச்சிடாதீங்க சிஸ்டர், நீங்க பூச்சின்னு நினைக்கிறது அந்த மரத்தோட சம்பந்தி. சொத்தை இல்ல அது. அத்திப்பழம்னு நாம சொல்றதே ஒரு பூங்கொத்துதான், வெளிய பூக்காம உள்பக்கமா மடிஞ்சு உருண்டையா மூடிக்கிட்டு உள்ளுக்குள்ளயே நூத்துக்கணக்குல பூக்குது, அதனால காத்தோ தேனீயோ மகரந்தத்த கொண்டு போய் சேர்க்க வழியே இல்ல. காயோட நுனில சின்னதா ஒரு கண் இருக்கும் பாருங்க, சுமார் 2 மில்லிமீட்டர் இருக்கிற பொண்ணு குளவி அந்த இடுக்குல முட்டி மோதி நுழையும், நுழையிறப்பவே றெக்கை பிஞ்சிடும், மறுபடி வெளிய வர்ற கதையே கிடையாது. உள்ள போய் என்ன பண்ணும்னா, தான் பிறந்த காயில இருந்து நெஞ்சுல உள்ள பையில அடைச்சுக்கிட்டு வந்த மகரந்தத்த முன்னங்காலால எடுத்து பூவுல தடவும், கூடவே சில பூவுல முட்டையும் வைக்கும், அப்புறம் அங்கயே செத்துடும். முட்டை விழுந்த பூ குஞ்சுக்கு சாப்பாடு, விழாத பூ மரத்துக்கு விதை. வாடகை மாதிரின்னு வச்சுக்கோங்க.

அடுத்த தலைமுறைல ஆம்பள குளவிதான் முதல்ல பொரியும், அதுக்கு றெக்கையே கிடையாது. இணை சேரும், பொண்ணுங்க வெளிய போக காயில ஓட்டை போடும், ஜோலி முடிஞ்சதும் செத்துப் போகும், அவ்ளோதான் அதோட வாழ்க்கை. பொண்ணு குளவி மகரந்தத்த சுருட்டிக்கிட்டு அந்த ஓட்டை வழியா பறந்துடும், ஓரிரு நாள்தான் ஆயுசு, அதுக்குள்ள காய் பிடிச்ச இன்னொரு அத்தி மரத்த கண்டுபிடிச்சாகணும். நமீபியா பாலைவனத்துல ஒரு அத்திக்குளவி 160 கிலோமீட்டர் வரைக்கும் காத்தோட போயிருக்குன்னு 2009ல ஆராய்ச்சிக்காரங்க எழுதினாங்க, இந்த சைஸ வச்சுக்கிட்டு! குளவிய கொன்னீங்கன்னா காய் பழுக்காம உதிர்ந்துடும், மரத்த குத்தம் சொல்லி புண்ணியமில்ல.

மொட்டமாடி_சித்தப்பா:
அப்போ "அத்தி பூத்தாப்ல வந்திருக்கீங்களே"ன்னு நம்மாளுங்க சொல்றது 🙂 அது வருஷத்துக்கு பல தடவை பூக்குது, நம்ம கண்ணுலதான் படல.

உழவன்மகன்77:
@கிணத்தடி_வீடு கடைல வாங்குறதுக்கும் உங்க மரத்துக்கும் ரொம்ப முடிச்சு போடாதீங்க, ரெண்டும் வேற இனம். நாட்டு அத்தி வேற, சீமை அத்தி வேற. நம்ம ஊர் கடைல விக்கிற பூனா அத்தி குளவி வராமலேயே தானா பழுக்கிற வகை, அதுல பூச்சிக்கு வேலையே இல்ல. துருக்கில இருந்து வர்ற காஞ்ச அத்தி கதைதான் வேற, அந்த சரிலோப் ரகத்துக்கு குளவி கட்டாயம் வேணும், அதனால காட்டு அத்திக்காய பறிச்சு தோட்டத்து மரத்துல கட்டி தொங்கவிடுவாங்க. உள்ள போற குளவியால அங்க முட்டை வைக்க முடியாது, பூவோட அமைப்பு அப்படி, ஏமாந்து செத்துடும். பழத்துல ஃபிசின்னு ஒரு நொதி இருக்கு, அது உடம்ப கரைச்சிடும்னு சொல்வாங்க. பல்லுல நறநறன்னு கடிபடுறது விதைதான், குளவி இல்ல, பையனுக்கு தாராளமா குடுங்க.

இதுல ஒரு கூத்து என்னன்னா 1880கள்ல கலிஃபோர்னியாக்காரங்க இந்த துருக்கி ரகத்த கொண்டு போய் நட்டாங்க, மரம் ஜம்முனு வளருது, காய் மட்டும் பழுக்காம கொட்டுது. நாத்து விக்கிறவன் ஏமாத்திட்டான்னுகூட சந்தேகப்பட்டாங்க. கடைசில 1899ல குளவிய வரவழைச்சு விட்டாங்க, அப்புறம்தான் பழம். சம்பந்திய விட்டுட்டு பொண்ண மட்டும் கூட்டிட்டு போன மாதிரி.

சைவமா அசைவமான்னு கேட்டா அவங்கவங்க மனசு. ஜெயின் வீடுகள்ல அத்தி ஆல் அரசு வகை அஞ்சையும் ஒதுக்குறதுக்கு உள்ள உயிர் இருக்குங்கிறதுதான் காரணம், அவங்க பாத்துதான் சொல்லியிருக்காங்க.

பச்சிலை:
ஒண்ணு விட்டுட்டேன். எல்லா குளவியும் யோக்கியம் கிடையாது. சிலது உள்ள போகவே போகாது, காய்க்கு வெளிய உக்காந்து வால்ல இருக்கிற ஊசிய உள்ள இறக்கி முட்டை மட்டும் வச்சிட்டு போயிடும், மகரந்த வேலை ஒண்ணும் கிடையாது, ஓசி சாப்பாடு. அந்த ஊசி நுனில துத்தநாகம் இருக்குன்னு பெங்களூர் ஐஐஎஸ்சில (இந்திய அறிவியல் கழகம்) 2014ல கண்டுபிடிச்சாங்க, நம்ம நாட்டு அத்தில வர்ற குளவிதான் அதுவும்.

கிணத்தடி_வீடு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நேத்து ராத்திரி ஒரு காய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு துணி கட்டி வச்சேன், காலைல பாத்தா பழத்துல குண்டூசி குத்தின மாதிரி ரெண்டு ஓட்டை, பாட்டில் பூரா கறுப்பு குளவி, அடில றெக்கை இல்லாம மஞ்சளா நாலஞ்சு செத்து கிடந்துச்சு, பாவமா போச்சு. மாமியார் "இத போய் ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கியே, பால் பொங்குது பாரு"ன்னாங்க. துணிய அவுத்து மரத்தடிலயே விட்டுட்டேன். @பச்சிலை அதுல ரெண்டு உடம்பவிட நீளமா நூல் மாதிரி வால் வச்சிருந்துச்சு, அதுதான் அந்த ஓசி கேஸா?

பச்சிலை:
அதேதான் 😄 அதையும் சேர்த்து திறந்து விட்டுட்டீங்களா!