கேரியர் மாற்றியபின் பிளானெட்டரி கியர்பாக்ஸில் முனகல்: எங்கே பார்ப்பது?

சிப்காட் பராமரிப்பு, கடலூர்:
வணக்கம். ரியாக்டர் அஜிடேட்டரின் (உள்ளே கலக்கும் கருவியின்) கியர்பாக்ஸ் இது. நடுவில் சன் கியர் 20 பல், வெளியே அசையாத ரிங் 76, இடையில் நான்கு பிளானெட் கியர், ஒவ்வொன்றும் 28. மோட்டார் 1440 ஆர்பிஎம். பிளானெட்களைத் தாங்கிச் சுற்றும் பழைய கேரியரில் விரிசல் விழுந்ததால் புதிதாகச் செய்யக் கொடுத்து மாற்றினோம். அன்று முதல் ஏறி இறங்கும் முனகல். அதிர்வைப் பார்த்தால் 380 ஹெர்ட்ஸுக்கு இரு பக்கமும் 375, 385. முன்பு 360, 400 மட்டும்தான். லோடு ஏறினால் முனகல் அடங்குகிறது, அதுதான் குழப்புகிறது. பல் தேய்மானமா?

அரியாங்குப்பம்:
கப்ளிங் அலைன்மென்ட், அடி போல்ட் பார்த்தீர்களா?

சிப்காட் பராமரிப்பு, கடலூர்:
பார்த்தாச்சு சார். மோட்டார் சுழற்சியின் 24, 48 ஹெர்ட்ஸில் ஒன்றும் ஏறவில்லை.

கியர் பட்டறை, மேட்டுப்பாளையம், புதுச்சேரி:
தம்பி, பல்லை விடுங்கள், கேரியரில் பிளானெட்டின் பின் (pin) மாட்டும் துளைகளைப் பாருங்கள். உங்கள் விகிதம் 4.8. கேரியர் 300 ஆர்பிஎம், அதாவது 5 ஹெர்ட்ஸ். 76 பல்லால் பெருக்கினால் அதே 380, பற்கள் ஒன்றையொன்று கவ்வும் அதிர்வெண். நான்கு பிளானெட்டும் சமமாகச் சுமந்தால் அதற்கு இரு பக்கமும் 5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரும் அதிர்வு உச்சிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், 20 இடைவெளியில் இருப்பவை மட்டும் நிற்கும். ஒரு துளை சுற்றுத்திசையில் சில பத்து மைக்ரான் விலகினாலே அந்த பிளானெட் முந்திக்கொண்டு சுமக்கும், அழிந்தவை மறுபடி எழும். லோடு கூடினால் பல்லும் பின்னும் வளைந்து மற்றவையும் சேர்ந்து பிடிக்கும், அதனால்தான் அடங்குகிறது. அடங்குகிறதே என்று ஓட்டாதீர்கள். அந்த ஒரு பிளானெட்டின் பேரிங்தான் முதலில் போகும்.

பிளானெட்டில் ரன்-அவுட் (மையம் விலகிச் சுற்றுவது) என்றால் இடைவெளி சுமார் 13.6 ஹெர்ட்ஸ் வந்திருக்கும்.

அரியாங்குப்பம்:
சன் கியர் மிதக்கும் (இறுகப் பிடிக்காமல் தானே நகர்ந்து இடம்பிடிக்கும்) அமைப்புதானே? தானாகச் சரியாகாதா?

கியர் பட்டறை, மேட்டுப்பாளையம், புதுச்சேரி:
மூன்று பிளானெட்டுக்குச் சரியாகும், சார். நான்கு வந்தால் முழுசாக ஆகாது. தம்பி, பிரிக்கும்போது பல்லில் புளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீல மை) தடவி, எந்த பிளானெட்டில் அழுத்தமாகப் பதிகிறது என்று பாருங்கள். அப்புறம் பிளானெட்களை இடம் மாற்றிப் போட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் அதே துளையில் நின்றால் கேரியர்தான். கியரோடு நகர்ந்தால் அதன் பல் தடிமன்.

சிப்காட் பராமரிப்பு, கடலூர்:
அண்ணா, இடம் மாற்றியும் அதே துளைதான். கேரியரை சிஎம்எம்மில் (துல்லியமாக அளக்கும் இயந்திரம்) அளக்க அனுப்பியிருக்கிறேன்.

கியர் பட்டறை, மேட்டுப்பாளையம், புதுச்சேரி:
சரி. புதிது செய்தால் நான்கு துளையையும் கழற்றி மாட்டாமல் ஒரே செட்டிங்கில் போர் செய்யச் சொல்லுங்கள். அளவு அறிக்கை கையில் வராமல் எடுக்காதீர்கள்.